எனாமல் சரியாக உருவாகாத பற்கள்: மரபணு நோய்த்தொகுதியுள்ள குழந்தைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

சிண்ட்ரோம் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் மரபணு நோய்த்தொகுதிகளில் பல, இதயம், சிறுநீரகம், கண், மூளை ஆகியவற்றோடு பல்லின் மேலுறையான எனாமலையும் பாதிக்கின்றன. உயிர் காக்கும் சிகிச்சைகளுக்கு நடுவே பல் கடைசி வரிசைக்குத் தள்ளப்படுவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் சாப்பிட விடாமலும் தூங்க விடாமலும் குழந்தையை அன்றாடம் வருத்துவது பல வீடுகளில் அந்தக் கடைசி வரிசைப் பல்தான். பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன. இவை பொதுவான விளக்கங்களே. உங்கள் குழந்தைக்கான முடிவை அதன் பல் மருத்துவரும் குழந்தைநல மருத்துவரும் கலந்து பேசித்தான் எடுக்க வேண்டும்.

பல் முளைத்து வெளியே வந்தபோதே மஞ்சளாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது. நாங்கள் சரியாகத் துலக்கிவிடாததுதான் காரணமா?

இல்லை. துலக்காததால் வரும் சொத்தை, பல் வாய்க்குள் வந்து சில மாதங்களாவது சென்ற பிறகே தெரியும். முளைக்கும்போதே நிறமும் வடிவமும் மாறியிருக்கும் பல், ஈறுக்குள் இருந்தபோதே அப்படி உருவான பல். எனாமலை உருவாக்குபவை அமெலோபிளாஸ்ட் எனப்படும் செல்கள். அவை முதலில் புரதத்தாலான மென்மையான ஒரு படிவத்தைச் சுரக்கின்றன. பிறகு நொதிகளைக் கொண்டு அந்தப் புரதத்தைக் கரைத்து வெளியேற்றிக்கொண்டே, அவ்விடத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்களைத் தடிக்கச் செய்கின்றன. வேலை முடியும்போது எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுவாக இருக்கும் அந்த உறை, உடலிலேயே மிகக் கடினமான பொருளாகிறது. புரதத்தைச் சுரக்கும் மரபணுவில் பிழை இருந்தால் உறை மெலிந்துபோகும். புரதத்தை அகற்றும் நொதியிலோ தாதுவைச் சேர்க்கும் வழியிலோ பிழை இருந்தால் உறை தடிமனாக இருந்தும் மென்மையாகவே நின்றுவிடும்.

பாற்பற்களில் எனாமல் படிவது, குழந்தை கருவில் இருக்கும் ஏறத்தாழ 14ஆம் வாரத்திலேயே தொடங்குகிறது. 6 வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல்லுக்கு அந்த வேலை பிறக்கும் தறுவாயிலும், நிரந்தர மேல் நடு வெட்டுப்பற்களுக்குப் பிறந்து மூன்று நான்கு மாதங்களிலும் தொடங்குகிறது. மரபணுப் பிழையால் வரும் குறைக்கு, கருவுற்றிருந்தபோது தாய் எதைச் சாப்பிட்டார், எதைச் சாப்பிடவில்லை என்ற விசாரணை பொருந்தாது. இந்த விசாரணையைப் பெரும்பாலும் உறவினர்களே நடத்துகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கால்சியம் மாத்திரை கொடுத்தால் பல் கெட்டிப்படாதா?

முளைத்துவிட்ட பல்லின் எனாமலில் உயிருள்ள செல்லும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. ஆகவே விழுங்கும் கால்சியம் அதற்குப் போய்ச் சேர வழியில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. பாராதைராய்டு சுரப்பிக் குறைபாடு, வைட்டமின் டி சார்ந்த மரபுவழி ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு மென்மையாகும் நோய் ஆகியவற்றைப்போல இரத்தத்தில் கால்சியம் குறையும் நோய்களில், அடிப்படை நோய்க்கு முறையான சிகிச்சை கிடைத்தால், இன்னும் உருவாகி முடியாத பற்கள் ஓரளவு நல்லபடியாக உருவாகும் வாய்ப்பு இருக்கிறது. அந்த மருந்தின் அளவை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். கடையில் வாங்கித் தரும் மாத்திரை அதற்கு மாற்றாகாது.

எனாமல் குறை என்றால் எல்லாம் ஒன்றுதானா?

சிகிச்சை பிரிவது இந்த இடத்தில்தான் என்பதால், இதைக் கேட்டறிந்துகொள்வது நல்லது. முதல் வகையில் எனாமலின் அளவு குறைந்திருக்கும்: மெல்லிய உறை, சிறு குழிகள், வரிப்பள்ளங்கள், பற்களுக்கு இடையே இடைவெளி ஆகியவை தெரியும். ஆனால் இருக்கும் எனாமல் கெட்டியானது. எக்ஸ்ரே படத்தில் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தனித்துத் தெரியும். காம்போசிட் எனப்படும் பல்நிற ஒட்டுப்பசை அதன்மேல் ஓரளவு நன்றாகவே ஒட்டும். இரண்டாம் வகையில் எனாமலின் தடிமன் சரியாக இருந்தாலும் தாது போதாமல் சுண்ணாம்புக் கட்டிபோல இருக்கும். முளைத்த சில மாதங்களிலேயே உதிரத் தொடங்கும். எக்ஸ்ரே படத்தில், எனாமலுக்கு அடியில் உள்ள பல்லின் உட்பகுதியான டென்டினிலிருந்து அதைப் பிரித்தறிவதே கடினம். ஒட்டுபொருள் எதுவும் அதில் நீண்ட நாள் நிற்காது. இவை இரண்டும் ஒரே வாயில் கலந்திருப்பதும் உண்டு. மரபுவழியில் எல்லாப் பற்களையும் பாதிக்கும் இக்குறைகளுக்கு அமெலோஜெனசிஸ் இம்பர்ஃபெக்டா என்பது பொதுப் பெயர். அது தனியாகவும் வரலாம், ஒரு நோய்த்தொகுதியின் பகுதியாகவும் வரலாம். இது எவ்வளவு அரிது என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது: அமெரிக்காவில் 14,000 பேருக்கு ஒருவர் என்றும், வடக்கு ஸ்வீடனில் ஏறத்தாழ 700 பேருக்கு ஒருவர் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எந்தெந்த நோய்த்தொகுதிகளில் எனாமல் பாதிக்கப்படுகிறது?

பட்டியல் நீளமானது. பல்லே முதல் தடயமாக அமையக்கூடிய சிலவற்றை மட்டும் விரித்துச் சொல்கிறோம்.

எனாமல்-சிறுநீரக நோய்த்தொகுதியில் எனாமல் மிக மெல்லியதாகவோ முற்றிலும் இல்லாமலோ இருக்கும். ஈறு தடித்துப் பற்களை மூடும். நிரந்தரப் பற்கள் நேரத்துக்கு முளைக்காமல் எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். எஃப்.ஏ.எம்.20ஏ என்னும் மரபணுவின் இரு பிரதிகளிலும் பிழை இருப்பதே காரணம். இந்தக் குழந்தைகளின் சிறுநீரகத்தில் கால்சியம் படிகிறது. இரத்தப் பரிசோதனை முடிவுகள் இயல்பாக இருக்கும்போதே படிவு தொடங்கியிருக்கலாம் என்பதால், மேற்சொன்ன பல் அடையாளங்களைக் காணும் பல் மருத்துவர் வயிற்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வது மிகையான எச்சரிக்கை ஆகாது.

ஜலிலி நோய்த்தொகுதியில் விழித்திரையின் கூம்புச் செல்களும் கோல் செல்களும் சிதைகின்றன. வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும், கண்மணி அலைபாயும், பற்கள் முளைக்கும்போதே மஞ்சள் பழுப்பாக இருக்கும் குழந்தையிடம் இந்த ஐயம் எழ வேண்டும். 1988இல் காஸாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் இது விவரிக்கப்பட்டது, 2009இல் சி.என்.என்.எம்.4 என்னும் மரபணு அடையாளம் காணப்பட்டது. கோல்ஷூட்டர்-டோன்ஸ் நோய்த்தொகுதியில் மஞ்சள் பற்களோடு வலிப்பும் வளர்ச்சிப் பின்னடைவும் சேர்ந்து வரும். ஹைம்லர் நோய்த்தொகுதியில் பாற்பற்கள் நன்றாகவே இருக்க, நிரந்தரப் பற்களில் எனாமல் குறையும்; செவித்திறன் இழப்பும் நகங்களில் வெண்மையோ குறுக்குப் பள்ளமோ காணப்படும். பாற்பற்களைத் தொடாமல் நிரந்தரப் பற்களை மட்டும் பாதிக்கும் மற்றொன்று, ஏ.ஐ.ஆர்.ஈ. மரபணுப் பிழையால், உடலின் எதிர்ப்பாற்றலே பல சுரப்பிகளைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய். அதில் வாயில் அடிக்கடி வெண்படலப் பூஞ்சை தோன்றும். பாராதைராய்டும் அட்ரினல் சுரப்பியும் பிற்பாடு செயலிழக்கலாம்.

டிரைக்கோ-டென்டோ-ஆசியஸ் நோய்த்தொகுதியில் பிறக்கும்போதே முடி சுருண்டு கெட்டியாக இருக்கும். கடைவாய்ப்பற்களின் உள்ளறை காளை மாட்டின் பல்லைப்போல நீண்டு பெரிதாக இருப்பதால், வேர் சிகிச்சை செய்வது வழக்கத்தைவிடக் கடினம். தோல் தொட்டாலே கொப்புளிக்கும் எபிடெர்மோலைசிஸ் புல்லோசாவின் ஜங்ஷனல் வகையில் எனாமல் முழுவதும் குழி விழுந்திருக்கும். மூளை, தோல் முதலிய உறுப்புகளில் கட்டிகள் வளரும் டியூபரஸ் ஸ்கிலிரோசிஸில் பற்களில் ஊசிமுனைக் குழிகள் பல தென்படும். அந்நோயைக் கண்டறியும் துணை அடையாளங்களுள் அவையும் ஒன்று. எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் மோர்கியோ வகை மியூக்கோபாலிசாக்கரிடோசிஸ், 22ஆம் குரோமோசோமின் க்யூ11 பகுதி இழப்பு, கண்-பல்-விரல் நோய்த்தொகுதி ஆகியவற்றிலும் எனாமல் மெலிகிறது அல்லது தாது குறைகிறது.

எங்கள் ஊரில் பலருக்கும் பல் மஞ்சளாகத்தான் இருக்கிறது. இது தண்ணீரிலுள்ள ஃப்ளூரைடு மிகுவதால் வரும் ஃப்ளூரோசிஸாக இருக்காதா?

இருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்திருப்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே கொண்டுவரப்பட்டதும் நாம் அறிந்ததே. ஆனால் ஊரோடு பொருந்துகிறது என்பதாலேயே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஃப்ளூரோசிஸ் பெரும்பாலும் நிரந்தரப் பற்களையே தாக்கும்; அதே கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த மற்ற பிள்ளைகளிடமும் தெரியும்; பற்கள் உருவான கால வரிசைக்கேற்ப இருபுறமும் ஒத்துக் காணப்படும். பாற்பற்கள், நிரந்தரப் பற்கள் இரண்டிலும் எல்லாப் பற்களும் ஒரே மாதிரி பாதிக்கப்பட்டு, அதே தண்ணீரைக் குடித்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றால், மரபுவழிக் குறை பற்றிச் சிந்திக்க வேண்டும். 6 வயதுக் கடைவாய்ப்பற்களில் ஒன்றிரண்டும் சில வெட்டுப்பற்களும் மட்டும் திட்டுத்திட்டாகப் பழுப்பேறியிருந்தால், அது எம்.ஐ.எச். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வேறொரு குறை. உலகக் குழந்தைகளில் ஏழில் ஒருவருக்கு அது இருக்கலாம் என்கிறார்கள். அதை மரபணு நோய் என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

பல் மருத்துவரிடம் போனால், சிறுநீரக ஸ்கேனும் கண் பரிசோதனையும் எழுதித் தருகிறார். தேவைதானா?

மேலே சொன்ன காரணங்களால் தேவைதான். வளர்ச்சி, செவித்திறன், பார்வை, வலிப்பு, தோல், நகம், முடி ஆகியவற்றைப் பற்றிக் கேட்காமல் பல்லை மட்டும் பார்த்து அனுப்பும் மருத்துவரைவிட, இவற்றையெல்லாம் கேட்டுத் துளைக்கும் மருத்துவர் உங்களுக்கு நல்லவர். மரபணுப் பரிசோதனை இன்று ஒரே இரத்த மாதிரியில் பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கிறது. எனினும் சிலருக்கு விடை கிடைக்காமல் போவதும் உண்டு. அதனால் பல் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

நாங்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள். அடுத்த குழந்தைக்கும் வருமா?

எந்த வழியில் கடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது. எனாமல்-சிறுநீரக நோய்த்தொகுதி, ஜலிலி, கோல்ஷூட்டர்-டோன்ஸ், ஹைம்லர் ஆகியவை ஒடுங்கு மரபில் வருபவை. பெற்றோர் இருவரும் பிழையுள்ள ஒரு பிரதியைச் சுமந்துகொண்டு, தாம் எவ்விதக் குறையும் இல்லாமல் இருப்பார்கள்; ஒவ்வொரு கருவிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாய்மாமன் மகன், அத்தை மகள் என்று மணமுடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் ஒரே மூதாதையின் பிழை இருபுறத்திலிருந்தும் வந்து சேர்வதற்கு வாய்ப்பு கூடுகிறது. டிரைக்கோ-டென்டோ-ஆசியஸ் போன்ற ஓங்கு மரபு நோய்களில் பாதிக்கப்பட்ட தாய் அல்லது தந்தையிடமிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனாமல் புரதத்தை உருவாக்க உதவும், எக்ஸ் குரோமோசோமில் உள்ள அமெலோஜெனின் மரபணுவில் பிழை இருந்தால், ஆண்பிள்ளையின் எனாமல் முழுவதும் பாதிக்கப்பட்டிருக்க, தாயின் பல்லிலோ அக்காவின் பல்லிலோ நல்லதும் கெட்டதுமாக மாறி மாறி நெடுக்குக் கோடுகள் தெரியும். ஆகவே குழந்தையின் வாயைப் பார்க்கும் மருத்துவர் அம்மாவையும் வாயைத் திறக்கச் சொன்னால் வியப்படைய வேண்டாம். நோய் இன்னதென உறுதியான பின், மரபியல் ஆலோசகரிடம் பேசிவிட்டு அடுத்த கருவைப் பற்றி முடிவெடுங்கள்.

முதல் முறை பல் மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்?

முதல் பல் முளைத்ததும், அல்லது முதல் பிறந்தநாளுக்குள். வலி வந்த பிறகு முதன்முறை போகும் குழந்தைக்கு அந்த நாற்காலியே வலியின் நினைவாகிவிடும்.

துலக்கப் போனாலே கத்துகிறாள். குளிர்ந்த நீர், ஐஸ்கிரீம் எதுவும் தொடுவதில்லை. வீட்டில் என்ன செய்யலாம்?

எனாமல் மெலிந்த இடத்தில் டென்டினின் நுண்குழல்கள் திறந்திருப்பதால் குளிர்ச்சி, காற்று, பிரஷ் என எல்லாமே உள்ளிருக்கும் நரம்பை எட்டுகின்றன. துலக்க மறுப்பதை அடம் என்று எண்ணாமல் வலி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான நீரில் பிரஷை நனைத்து மென்மையாக்கிக்கொள்ளுங்கள். வாய் கொப்பளிக்கவும் அதே நீரைக் கொடுங்கள். ஃப்ளூரைடு உள்ள பற்பசையை 3 வயதுக்குள் அரிசிமணி அளவும், 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவும் பயன்படுத்தி, துலக்கியபின் துப்பச் சொல்லுங்கள். நிறைய நீர்விட்டுக் கொப்பளிக்க வைக்க வேண்டாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்ட குழந்தை பற்பசையை விழுங்காமல் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனெனில் உடலிலிருந்து ஃப்ளூரைடை வெளியேற்றுவது சிறுநீரகமே.

மருத்துவமனையில் பூசும் ஃப்ளூரைடு வார்னிஷில் பத்து இலட்சத்தில் 22,600 பங்கு ஃப்ளூரைடு இருக்கிறது. சில துளிகளே தேவைப்படுவதாலும், பல்லில் ஒட்டிக்கொண்டு மெல்லக் கரைவதாலும் அது பாதுகாப்பானது. இக்குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசலாம். ஃப்ளூரைடு மிகுந்த நீருள்ள ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுத் தயங்குகிறார்கள். குடிநீரில் நாள்தோறும் உள்ளே போவது வேறு, முளைத்த பல்லின்மேல் தடவுவது வேறு. பாலின் கேசீன் புரதத்தோடு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்த்த பசைகளும் கூச்சத்தைக் குறைக்க உதவலாம். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அவை கூடாது.

கரி, உப்பு, செங்கல் தூள், சொரசொரப்பான பற்பொடி ஆகியவற்றைக் கொண்டு மஞ்சளைத் தேய்த்து எடுக்க முயல்வதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். அந்த மஞ்சள் அழுக்கு அன்று; உள்ளிருக்கும் டென்டினின் நிறம். தேய்க்கத் தேய்க்க, மிச்சமிருக்கும் எனாமலும் போய் மஞ்சள் கூடத்தான் செய்யும்.

பாற்பல் விழத்தானே போகிறது? அதற்கு எதற்கு ஸ்டீல் கேப்?

பாற்பல் கடைவாய் 10, 11 வயது வரை வாயில் இருக்க வேண்டியது. அது தேய்ந்து ஈறு மட்டத்துக்கு வந்துவிட்டால் குழந்தை மெல்ல முடியாமல் கஞ்சியும் பிஸ்கட்டுமாக வளரும். மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையிலான உயரம் குறைந்து, பின்னாளில் நிரந்தரப் பற்களுக்குக் கேப் போட இடமே இருக்காது. எனவே எல்லாப் பற்களிலும் எனாமல் குறையுள்ள குழந்தையின் பாற்கடைவாய்ப் பற்களுக்கு, சொத்தை வரும்வரை காத்திராமல் முன்னதாகவே ஸ்டீல் கேப் போடுவதே நல்லது என்பது இதை எழுதுபவரின் உறுதியான கருத்து. மீண்டும் மீண்டும் அடைத்து, அடைத்தது விழுந்து, மறுபடி அடைப்பதில் குழந்தையின் பொறுமையும் பெற்றோரின் பணமும் ஒருசேரத் தீர்ந்துபோகின்றன.

இதற்கு ஊசியோ டிரில்லோ இல்லாத வழி ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நோர்னா ஹால் என்னும் பல் மருத்துவரின் பெயரால் ஹால் முறை எனப்படுகிறது. பற்களுக்கு இடையே சிறு ரப்பர் வளையங்களைச் சில நாள் வைத்து இடம் உண்டாக்கி, பல்லைச் சிறிதும் செதுக்காமல், சிமென்ட் நிரப்பிய ஸ்டீல் கேப்பை அதன்மேல் அழுத்திப் பொருத்துகிறார்கள். முதல் சில வாரங்கள் கடி உயர்ந்தாற்போல இருக்கும். பின்பு தானே படிந்துவிடும். நரம்பு வரை சீழ் பிடித்த பல்லுக்கு இம்முறை பொருந்தாது. வெள்ளி நிறம் பிடிக்கவில்லை என்பவர்கள் வெள்ளை சிர்கோனியா கேப்பைக் கேட்கிறார்கள். அதைப் பொருத்தப் பல்லை அதிகமாகச் செதுக்க வேண்டும் என்பதால், முன்பற்களுக்கு வேண்டுமானால் அதைப் பற்றி யோசிக்கலாம்.

6 வயதில் பின்னால் முளைக்கும் பல்லைப் பற்றி மருத்துவர் ஏன் அவ்வளவு கவலைப்படுகிறார்?

அது விழுந்து முளைக்கும் பல் அன்று. வாழ்நாள் முழுவதும் மெல்லும் சுமையைத் தாங்க வேண்டிய நிரந்தரப் பல். எந்தப் பாற்பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில் ஓசையின்றி முளைப்பதால் பெற்றோர் பலர் அதைப் பாற்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். எனாமல் குறையுள்ள வாயில் அது பாதி முளைத்திருக்கும்போதே உதிரத் தொடங்கலாம். பாதி ஈறு மூடியிருக்கும் அந்தக் கட்டத்தில் ஈரத்தைத் தாங்கி ஒட்டும் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டைப் பூசி வைப்பார்கள். அது நிலையான தீர்வாகாது. முழுதாக முளைக்கும்வரை நேரம் வாங்கித் தருகிறது. முளைத்த பிறகு, நிரந்தரப் பல்லுக்கென்றே வரும் ஸ்டீல் கேப்பைப் போட்டால் பல ஆண்டுகள் தாங்கும். வளர்ந்தபின் அதை எடுத்துவிட்டு நிலையான கேப் போடலாம்.

பல் மிகவும் சிதைந்துவிட்டால் 8 முதல் 10 வயதுக்குள் அதை எடுத்துவிட்டு, பின்னால் வரும் இரண்டாம் கடைவாய்ப்பல் அந்த இடத்துக்கு நகர்ந்து வர விடுவது எம்.ஐ.எச். குழந்தைகளிடம் நன்றாகப் பயன்படும் உத்தி. ஆனால் எல்லாப் பற்களும் பாதிக்கப்பட்ட மரபுவழிக் குறையில், நகர்ந்து வரும் பல்லும் அதே குறையோடுதான் வரும். எனாமல்-சிறுநீரக நோய்த்தொகுதியில் அது முளைக்காமலே போகலாம். ஆகவே வாய் முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே எடுக்காமல் இக்குழந்தைகளின் நிரந்தரப் பல்லை எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். எடுக்கச் சொல்பவரிடம், பின்னால் வரும் பல்லின் நிலை என்ன என்று கேளுங்கள்.

முன்பற்களைப் பார்த்துப் பள்ளியில் கேலி செய்கிறார்கள். அழகுக்கான சிகிச்சையைப் பெரியவனான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்களே?

அத்தனை ஆண்டுகள் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசிப் பழகிய பிள்ளைக்கு, 18 வயதில் போடும் கேப் அந்தப் பழக்கத்தை மாற்றிவிடாது. நிலையான சிகிச்சையைத் தள்ளிப்போடலாம்; தற்காலிகமான ஒன்றைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 7, 8 வயதிலேயே முன்பற்களின்மேல் காம்போசிட் பூசி நிறத்தையும் வடிவத்தையும் சீராக்கலாம். பல்லைச் செதுக்காமலே இதைச் செய்ய முடியும். தாது குறைந்த வகையில் புரதம் மிகுந்திருப்பதால் ஒட்டுபொருள் நிற்பதில்லை. அதற்காகச் சில மருத்துவர்கள் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் அந்தப் புரதத்தை அகற்றிவிட்டுப் பூசுகிறார்கள். ஆய்வுக் கூடத்தில் இதற்குக் கிடைத்த பலன் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது; செய்து பார்ப்பதில் தீங்கில்லை. எப்படியிருந்தாலும் காம்போசிட் ஓரங்களில் உடையும், நிறம் மாறும், அவ்வப்போது சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். பல்லை வெளுக்கும் மருந்துகள் பல் கூச்சத்தை மிகுதிப்படுத்தும் என்பதால் இக்குழந்தைகளுக்கு ஏற்றவை அல்ல.

நிலையான கேப் எந்த வயதில் போடலாம்?

ஈறு தன் முழு மட்டத்துக்கு இறங்கி, பல்லுக்குள் இருக்கும் நரம்பறை சுருங்கும்வரை, அதாவது 18 வயதை ஒட்டிக் காத்திருக்க வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். சிறுவயதில் செதுக்கினால் நரம்பு செத்துப்போகும் என்ற அச்சம் இதற்குக் காரணம். ஸ்வீடனில் 11 முதல் 22 வயது வரையிலான 27 பேருக்கு 227 செராமிக் கேப்புகள் போட்டு நடத்தி, 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்த அச்சத்தைக் குறைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து 97 விழுக்காடு கேப்புகள் நல்ல நிலையில் இருந்தன. பல் கூச்சம் தெளிவாகக் குறைந்தது. வேர் தொடர்பான சிக்கல் ஏறத்தாழ 3 விழுக்காட்டில் வந்தது. இத்துறையில் முறையான ஒப்பீட்டு ஆய்வுகள் மிகக் குறைவு. குழந்தைகளுக்கான சிகிச்சைகளை 2013இல் தொகுத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் என்னும் பன்னாட்டு அமைப்பின் மதிப்பாய்வுக்கு அத்தகைய ஓர் ஆய்வுகூடக் கிடைக்கவில்லை. எனவே ஸ்வீடன் ஆய்வின் எடை பெரிது. ஆனாலும் அது நோய்த்தொகுதிகளுக்கெல்லாம் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. நரம்பறை பெரிதாக இருக்கும் டிரைக்கோ-டென்டோ-ஆசியஸ் குழந்தைக்கு வயதோடு எக்ஸ்ரேயையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஊசி போட்டும் பல் மரத்துப்போகவில்லை என்கிறான். பொய் சொல்கிறானா?

பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறான். எனாமல் குறைந்த பல்லின் நரம்பு நெடுநாள் தூண்டப்பட்டு அழற்சியடைந்திருப்பதால், வழக்கமான அளவு மருந்து அதை அடக்குவதில்லை. மருந்தைக் கூட்டுவதற்கும் எல்லை இருக்கிறது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் மருந்து ஒரு கிலோ எடைக்கு 4.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதால், 15 கிலோ குழந்தைக்கு 66 மில்லிகிராம், அதாவது 2 விழுக்காட்டு மருந்தில் சுமார் 3.3 மில்லிதான் உச்சம். ஒரே நாளில் வாய் முழுவதும் முடித்துத் தாருங்கள் என்று வெளியூரிலிருந்து வரும் பெற்றோர் கேட்கும்போது மருத்துவர் மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முழு மயக்கம் கொடுத்துச் செய்யலாம் என்கிறார்கள். ஆபத்து உண்டா?

பல பற்களில் வேலை இருக்கும், ஒத்துழைக்க முடியாத சிறு குழந்தைக்கு அதுவே கனிவான வழியாக இருக்கக்கூடும். ஆனால் பல்லைத் தொடுமுன் நோய்த்தொகுதியை அறிந்திருக்க வேண்டும் என்பது இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விதியாகிறது. மோர்கியோ நோயில் கழுத்தின் முதல் இரு எலும்புகள் நிலையாக இல்லாததால், தலையைப் பின்னால் சாய்ப்பதே தண்டுவடத்தை நசுக்கலாம். சாதாரணப் பல் நாற்காலியிலும் இதை நினைவில் வைக்க வேண்டும். எபிடெர்மோலைசிஸ் புல்லோசா குழந்தையின் முகத்தில் பிளாஸ்திரி ஒட்டக் கூடாது. உதட்டிலும் கருவிகளிலும் வாஸ்லின் தடவ வேண்டும். உறிஞ்சு குழாயைக் கன்னத்தின்மேல் வைத்தால் அங்கே கொப்புளம் எழும். 22க்யூ11 இழப்பில் இதயக் குறையும் கால்சியம் குறைவும் சேர்ந்திருக்கலாம். தாழ்ந்த கால்சியத்தோடு மயக்கம் கொடுத்தால் வலிப்போ இதயத் துடிப்புக் கோளாறோ வரக்கூடும். அட்ரினல் சுரப்பி செயலிழந்த குழந்தைக்கு அறுவையை ஒட்டி ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். ஆகவே இந்த வேலை, குழந்தைகள் மயக்கவியல் மருத்துவரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனையில் நடக்க வேண்டும். காது, கண், தோல் என்று வேறு அறுவைகளும் காத்திருந்தால், ஒரே மயக்கத்தில் சேர்த்துச் செய்ய இயலுமா என்று கேளுங்கள்.

இதயக் குறை உள்ள குழந்தைக்குப் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் கட்டாயமா?

எல்லா இதயக் குறைக்கும் கட்டாயம் அன்று. சரிசெய்யப்படாத நீலம் பாரிக்கும் பிறவிக் குறை, செயற்கை வால்வு, முன்பு இதய உள்ளுறை அழற்சி வந்தவர்கள் போன்ற சில நிலைகளில், இரத்தம் கசியும் பல் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் அமாக்சிசிலின் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம், 2 கிராமுக்கு மிகாமல், ஒரே வேளை கொடுக்கிறார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் மருந்து மாறும். இதய மருத்துவரின் கடிதம் கையில் இருந்தால் குழப்பமே இல்லை.

வலிப்பு மருந்து சிரப்பாகத் தருகிறோம். பல்லுக்குக் கேடா?

சர்க்கரை கலந்த சிரப்பை இரவில் கொடுத்துவிட்டு அப்படியே தூங்கவிட்டால் கேடுதான். சர்க்கரையில்லாத வடிவமோ மாத்திரையோ உண்டா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் சிரப்புக்குப் பின் நீர் கொடுத்துத் துலக்கிவிடுங்கள். ஃபெனிட்டாய்ன் ஈற்றைத் தடிக்கச் செய்யும். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முன்பற்கள் மூடும்போது ஒன்றையொன்று தொடுவதில்லை. கம்பி கட்டலாமா?

எனாமல் குறையுள்ள குழந்தைகளிடம் இந்தத் திறந்த கடி அடிக்கடி காணப்படுவதுதான். கம்பிக்கான பிராக்கெட்டைக் கழற்றும்போது எனாமலும் சேர்ந்து பெயர்ந்து வரக்கூடும் என்பதால், கழற்றி மாட்டும் கருவிகளையோ, பல்லைச் சுற்றிப் போடும் வளையங்களையோ, கேப் போட்ட பற்களின்மேல் பிராக்கெட்டையோ பயன்படுத்துவார்கள். கேப் போடும் மருத்துவரும் கம்பி கட்டும் மருத்துவரும் முதலிலேயே ஒன்றாக அமர்ந்து திட்டமிடவில்லையென்றால், ஒருவர் செய்ததை மற்றவர் பிரிக்க வேண்டிவரும்.

இதற்கெல்லாம் எங்கே போவது? செலவைத் தாங்க முடியுமா?

தெருமுனைப் பல் மருத்துவமனையில் முதல் பார்வைக்குக் காட்டலாம். தொடர் சிகிச்சைக்குக் குழந்தைகள் பல் மருத்துவத் துறை உள்ள பல் மருத்துவக் கல்லூரியே பொருத்தம். 1953இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் ஈறு, வேர் சிகிச்சை, கேப், கம்பி என எல்லாத் துறையினரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். 2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் கீழ் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் பரிசோதனைக் குழு பல்லையும் பார்க்க வேண்டும். அவர்கள் வழியே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

முதல் சந்திப்புக்கு எதை எடுத்துப் போக வேண்டும்?

இதுவரை எடுத்த ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, மரபணு அறிக்கை, இப்போது கொடுக்கும் மருந்துச்சீட்டு, குடும்பத்தில் யாருக்கெல்லாம் இப்படிப் பல் இருந்தது என்ற விவரம். பல் தெரியச் சிரிக்கும் பழைய படங்கள் இருந்தால் அவையும் உதவும். பாற்பல் விழுந்திருந்தால், வழக்கப்படி சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்துவிடாமல், கழுவித் துடைத்து ஒரு சிறு டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அதை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், எனாமல் மெலிந்ததா, தாது குறைந்ததா என்பதைக் குழந்தையின் வாயில் கை வைக்காமலே அறிந்துகொள்ளலாம்.